திரெட்டா பஜார் சீனர்கள்

கல்கத்தாவில் லால்பஜாருக்கு அருகே, போத்தார் கோர்ட்டை ஒட்டியிருப்பது திரெட்டா பஜார். வெனிஸ் தேசத்திலிருந்து வந்து, கம்பெனி ஆட்சியில் தெருக்களையும் கட்டிடங்களையும் மேற்பார்வை செய்த எட்வர்டு திரெட்டா என்பவர் அமைத்த சந்தை அது. கடன் முற்றியதால் சந்தையையே லாட்டரிப் பரிசாக வைத்துவிட்டார். ஆயினும் பெயர் மட்டும் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

இந்நகரத்துச் சீனர்களின் சரித்திரம் ஹூக்ளிக் கரையில், பட்ஜ்பட்ஜுக்கு அப்பால் தொடங்குகிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அச்சியூ என்ற சீனர் அங்கே நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். (சர்க்கரைக்குச் சீனி என்று நாம் பெயர் வைத்திருப்பதையும் வங்காளிகள் சினி என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) தம் ஆட்களை நகரத்துச் சீனர் ஆசை காட்டி இழுத்துச் செல்வதாக அவர் முறையிட, 1781-ல் கம்பெனியார் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டனர். 1783-க்குள் அவர் காலமாகிவிட்டார். ஆலையும் நெடுநாள் நிற்கவில்லை. அவ்வூர் மட்டும் அச்சிப்பூர் ஆயிற்று.

பின்னர் வந்தோர் தொழிலால் பிரிந்து நின்றனர். காண்டன் பகுதியார் தச்சர்கள். ஹக்கா மக்கள் தோல் பதனிடுவோர், செருப்புத் தைப்போர். ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியர்கள். அவர்களுடைய கோயில்களை இவ்வூரார் 'சர்ச்' என்றே அழைப்பது வேடிக்கை. 1905-ல் எழுந்த ஸீ இப் சர்ச்சில் தேவாலய மணியைத் தேடினால் ஊதுவத்தி மணமே எதிர்ப்படும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே தெருவோரத்தில் ஆவி பறக்கத் தொடங்குகிறது. மீன் உருண்டை ரசம், பன்றி இறைச்சிப் பூரணம் வைத்த வெண்மையான பாவ், மோமோ. சைவக் குடும்பத்தினருக்கு அங்கே வேடிக்கை பார்ப்பதே முக்கிய வேலையாகிவிடும் என்றாலும், நம் இட்லிப் பானைக்கு ஒன்றுவிட்ட உறவான அந்த ஆவிப் பாத்திரங்களைப் பார்த்தாலே மனம் குளிரும். எட்டரைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

விற்போரில் சீன முகங்கள் இன்று மிகக் குறைவு. 1962 அக்டோபரில் எல்லைப் போர் மூண்டதும், அஸ்ஸாமிலும் வங்காளத்திலுமிருந்து ஏறத்தாழ 3,000 சீன வம்சத்தார் பிடிக்கப்பட்டு, ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள். குழந்தைகளும் முதியோரும் உண்டு. ரயில் ஏற்றியபோது போகும் ஊர் எது என்றுகூடச் சொல்லவில்லை என்று மீண்டவர்கள் கூறியிருக்கிறார்கள். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் இல்லாமல் யாரையும் வண்டியேற விடாத இலாகாவில் பணி புரியும் எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. சிலர் நான்கு வருஷங்களுக்கு மேலும் அங்கே கிடந்தனர். திரும்பியோரில் பலருக்கு வீடும் கடையும் கைமாறிப் போயிருந்தன. பிழைக்க வந்த ஊரில் மூன்று தலைமுறை வாழ்ந்த பின்னும் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி அவர்களை விடவில்லை. அக்கேள்வி நம் காலனிப் பிள்ளைகளுக்கும் பழக்கமானதே.

பலர் கனடாவுக்குப் போய்விட்டனர். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பால் டேங்ராவின் தோல் ஆலைகளும் இடம்பெயர நேர்ந்தது. எஞ்சிய குடும்பங்கள் சீனப் புத்தாண்டை ஒட்டி அச்சிப்பூர் சென்று, லாட வடிவிலுள்ள அச்சியூவின் சிவந்த சமாதியில் ஊதுவத்தி ஏற்றுகின்றன. பார்க்க விரும்பும் அன்பர்கள் சியால்டாவில் பட்ஜ்பட்ஜ் லோக்கல் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் செல்லலாம்.