சட்டைக்குள் ஒரு கேமரா

எங்க ஊர் பொம்மிடியில் பனி என்றால் மார்கழிக் காலையில் சேர்வராயன் மலை காணாமல் போவது. அவ்வளவுதான். மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீ குடிப்போம். வெயில் ஏறியதும் மலை திரும்ப வந்துவிடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் இந்தப் பனியைத்தான். வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுகிறதே, அதற்கும் நாம் பனி என்றே பெயர் வைத்துவிட்டோம். இரண்டும் ஒன்றுதான் போல என்று நம்பிப் போய் நான் ஏமாந்த கதையில்தான் இந்தப் பதிவு ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 ஜனவரி. அப்பாவுக்கு ரொம்ப நாளாகப் பனி பார்க்கணும் என்று ஆசை. சினிமா டூயட்டில் பார்த்துப் பார்த்து வந்த ஆசைதான், வேறென்ன. சிம்லா கூட்டிப்போய், அங்கிருந்து குஃப்ரிக்கு ஏறினோம். வாடகைக்குக் கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அப்பா குனிந்து இரண்டு கையிலும் பனியை அள்ளி, அதை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அங்கேயே ஒருவர் கழுத்தில் கேமராவுடன் வந்து, படம் எடுத்துத் தருகிறேன் என்று இந்தியில் கேட்டார். நான் கெத்தாக என்னுடைய டிஜிட்டல் கேமராவைக் காட்டி, வேணாம் என்று அனுப்பிவிட்டேன். பென்சில் பேட்டரி இரண்டு போட்டு ஓடுகிற சின்ன கேமரா. அதற்கு முன்பே மட்டக்குதிரை ஒன்று, தேவதாரு மரம் ஒன்று எடுத்திருந்தேன். அப்பா பக்கம் திருப்பினேன். திரையில் பேட்டரி படம் சிவப்பாக மின்னியது. லென்ஸ் நீட்டிக்கொண்டபடியே நின்றுபோனது.

காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தேன். கழற்றி, தேய்த்து, மாற்றிப் போட்டு, ஊதி... ம்ஹூம்.

"ஏன்டா, மிசினு செத்துப்போச்சா?" என்றார் அப்பா.

"பேட்டரி போச்சுப்பா."

"உடு. கண்ணுலதான் பாத்துட்டமில்ல."

அந்த கழுத்துக் கேமராக்காரரைத் தேடினேன். ஆளைக் காணோம். பேட்டரியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேமராவைத் தோள்பைக்குள் எறிந்துவிட்டு இறங்கினோம். அறைக்கு வந்து சும்மா போட்டுப் பார்த்தால், ஜம்மென்று உயிர் வந்துவிட்டது! அப்போது ஒரு படம் எடுத்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

செத்த பேட்டரி எப்படிப் பிழைத்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில், குளிரில் படம் எடுக்கப் போனவர்களின் வரலாறே ஒன்று கிடைத்தது.

முதலில் எங்க பக்கத்துக் கதை. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர், இராயக்கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் படமெடுத்து ஓர் ஆல்பமே போட்டார். அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லா. மெழுகு பூசிய காகிதத்தில் நெகடிவ் எடுத்தார். முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு, நிதானமாக எடுத்து, பிறகு கழுவலாம். அவருக்குத் தொல்லை வெயில்.

வடக்கே போனவருக்குக் குளிர். சாமுவேல் போர்ன் என்று ஒரு வங்கிக் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு 1863-ல் இந்தியா வந்தார். கடை போட்டது சிம்லாவில். ஆமாம், என் பேட்டரி செத்த அதே மலைப்பக்கம்தான். அங்கிருந்து இமயமலைக்குள் மூன்று பயணங்கள் போனார். அவருடைய முறை ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். அதாவது இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தட்டுகள், ரசாயனப் புட்டிகள், தண்ணீர் எல்லாம் கூடவே மலையேற வேண்டும். முதல் பயணத்துக்கே சுமைதூக்க சுமார் 30 பேர். 1866-ல் மணிராங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் படமெடுத்தார். அடுத்த 20 வருடத்துக்கு அதைவிட உயரத்தில் யாரும் எடுக்கவில்லை என்பார்கள். விறைத்த விரல்களால் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒரு திரவத்தைச் சீராக ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். நான் இரண்டு பேட்டரிக்கே அழுதேன். (அவர் பெயரிலான போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ கொல்கத்தாவில் 2016 வரை இருந்தது.)

அடுத்து அண்டார்டிகா. ஸ்காட்டின் குழுவோடு 1910-ல் கிளம்பிய ஹெர்பர்ட் பாண்டிங். இவர் காலத்தில் உலர்ந்த தட்டும் பிலிம் சுருளும் வந்துவிட்டதால் கூடாரம் சுமக்கும் வேலை இல்லை. தொல்லை வேறு வழியில் வந்தது. உலோகத்தைத் தொட்டால் விரல் வெந்துபோகிற மாதிரி குளிர் கடித்தது. ஒருமுறை வேலை மும்முரத்தில் நாக்கு நுனி கேமராவின் உலோகத்தில் பட்டு ஒட்டிக்கொண்டு, பிய்த்தெடுக்கையில் தோல் அங்கேயே தங்கிவிட்டது. மூச்சுக்காற்று லென்ஸில் பட்டால் அந்தக் கணமே உறைந்துவிடும். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை. இன்னொரு பக்கம், உறைந்த கருவியைச் சூடான குடிசைக்குள் கொண்டு வந்தால் எல்லாமே வேர்த்துக் கொட்டும். அதனால் படிப்படியாகத்தான் உள்ளே கொண்டு வந்தார்.

ஆனால் குளிர் பிலிமுக்கு எதிரி மட்டும்தானா என்றால், இல்லை. 1897-ல் ஆந்த்ரே என்ற சுவீடன்காரர் இரண்டு பேரோடு பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பிக் காணாமல் போனார். 33 வருடம் கழித்து, 1930-ல், ஒரு பனித்தீவில் அவர்களுடைய உடல்களும் கேமராவும் கிடைத்தன. அந்தப் பிலிமைக் கழுவியதில் 93 படங்கள் தேறின! கீழே இறங்கிப்போன பலூன், அதன் பக்கத்தில் நிற்கிற மனிதர்கள். படமெடுத்தவன் உயிரோடு திரும்பவில்லை. படத்தை மட்டும் குளிர் பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் உள்ளே வருகிறது.

ஹோவர்ட் சோமர்வெல் ஓர் ஆங்கிலேய டாக்டர். 1922-ல் எவரெஸ்ட் பயணத்துக்கு வந்தவர், அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இனி இங்கேதான் வேலை என்று முடிவெடுத்தார். அப்புறம் நெய்யூரிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலுமாக ஏறக்குறைய 40 வருடம். 1924-ல் இரண்டாம் முறை எவரெஸ்ட் போனபோது அவர் நெய்யூர் டாக்டர்தான்.

அந்த வருடம் ஜூன் 4-ம் தேதி, அவரும் நார்ட்டனும் ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார்கள். சுமார் 28,000 அடியில் சோமர்வெல்லால் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் 28,126 அடி வரை போனார். ஆக்சிஜன் இல்லாமல் அதைத் தாண்ட 1978 வரை ஆக வேண்டியிருந்தது. அந்த உயரத்தில் நார்ட்டனை ஒரு படம் எடுத்தார் சோமர்வெல். இறங்கும்போது, குளிரில் வெந்துபோன தொண்டைச் சவ்வு கழன்று வந்து மூச்சையே அடைத்துக்கொண்டது. நெஞ்சை அழுத்தி இருமித் துப்பித்தான் உயிர் பிழைத்தார்.

கீழே முகாமில் மல்லோரி காத்திருந்தார். அடுத்து உச்சிக்குப் போகப்போவது அவரும் இர்வினும். மல்லோரி தன் கேமராவைக் கொண்டுவர மறந்திருந்தார். சோமர்வெல் தன்னுடையதைக் கொடுத்தார். சட்டைப்பையில் வைக்கிற மாதிரி மடக்கக்கூடிய குட்டி கோடக். ஜூன் 8-ம் தேதி மல்லோரியும் இர்வினும் மேகத்துக்குள் போனார்கள். திரும்பவில்லை.

உச்சியைத் தொட்டார்களா இல்லையா என்பது நூறு வருடச் சண்டை. 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா இல்லை. 2024-ல் இர்வினின் பூட்ஸும், அவர் பெயர் தைத்த காலுறையும் கிடைத்தன. கேமரா இல்லை. கிடைத்தால் அந்தப் பிலிமில் படம் தேற வாய்ப்பு உண்டு என்கிறார்கள். ஆந்த்ரே கதை அதற்குச் சாட்சி. ஆக, எவரெஸ்ட்டை முதலில் ஏறியது யார் என்ற கேள்விக்கான விடை, நம்மூர் ஆஸ்பத்திரி டாக்டர் இரவல் கொடுத்த கேமராவுக்குள் இன்னும் எங்கோ உறைந்து கிடக்கலாம்.

1953 மே 29-ல் ஹிலாரி அதே உச்சியில் டென்சிங்கைப் படமெடுத்தார். கேமராவை எப்படிக் கொண்டுபோனார் தெரியுமா? சட்டைக்குள், உடம்போடு ஒட்டி, சூடு குறையாமல். எனக்கு குஃப்ரியில் யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா! (உச்சியில் ஹிலாரியின் படம் கிடையாது. எடுத்தவருக்குப் படம் இல்லை. நம் வீட்டு ஆல்பங்களிலும் அதே கதிதானே :-))

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். 1975-ல் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். 0.01 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி. அதற்குள் பேட்டரி மட்டும் 16! பிறந்தபோதே அது பெருந்தீனிக்காரப் பிள்ளை. போர்னுக்கு ரசாயனம், பாண்டிங்குக்கு ஈரம் என்றால் நமக்கு வயிறு. பென்சில் பேட்டரிக்குள் இருப்பது ரசாயனக் குழம்பு. குளிரில் அதற்குள் அயனிகள் தேங்காயெண்ணெய் உறைந்த மாதிரி மந்தமாகிவிடும். கேமரா திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். பேட்டரியால் அந்த வேகத்தில் தர முடியாது. மின்னழுத்தம் சரிந்ததும் கேமரா, பேட்டரி காலி என்று முடிவுகட்டிப் படுத்துவிடும். சரக்கு உள்ளேயே இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை. என் பேட்டரி சாகவே இல்லை. தூங்கியது. கால்சட்டைப் பைச் சூட்டில் எழுந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், டிஜிட்டல் கேமராவின் கண்ணுக்குக் குளிர் ரொம்பப் பிடிக்கும். படம் பிடிக்கிற சில்லு சூடாக இருந்தால் வெளிச்சமே இல்லாதபோதும் புள்ளி புள்ளியாக எதையோ பார்க்கும். குளிரக் குளிர அந்தப் பிரமை குறையும். இதைப் பார்க்க இமயமலை போக வேண்டாம். பொம்மிடியில் ரயிலேறி மொரப்பூர், சாமல்பட்டி தாண்டித் திருப்பத்தூரில் இறங்கி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே 1986-ல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதன் கேமராச் சில்லைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைப்பார்கள். திரவ நைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. வெளியே மாம்பழ வெயில் அடித்தாலும் கேமராவுக்குள் அண்டார்டிகாவைத் தோற்கடிக்கிற குளிர்! இதே நிறுவனத்தாரின் இன்னொரு தொலைநோக்கி லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் ஆள் நின்று வேலை செய்வது பெரும்பாடு. 2001-லிருந்து அதை ஓசூருக்கு அந்தப் பக்கம் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். கண் குளிரில், கை வெதுவெதுப்பில். இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

ஆக, 160 வருடக் கதையில் எனக்குப் புரிந்தது இதுதான். கேமராவைத் தொல்லை செய்வது குளிர் மட்டுமல்ல, குளிருக்கும் நம் சூட்டுக்கும் நடுவே அதைச் சட்டென்று இழுத்தடிப்பதும்தான். பனிக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள், அடிக்கடி மாற்றிப் போடுங்கள். லித்தியம் பென்சில் பேட்டரி கிடைத்தால் உத்தமம். சார்ஜ் ஏற்றும் பேட்டரியை உறைந்த நிலையில் சார்ஜில் போடாதீர்கள், கெட்டுப்போகும். அறைக்குள் வருமுன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி வேர்த்துவிடும்.

அன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. பேட்டரி பையில் இருந்து சூடாகியிருந்தது. கேமரா தோள்பையில் பனிக்கட்டியாக இருந்தது. அறைக்குள் ஹீட்டர், குளியலறையில் வெந்நீர் ஆவி. கட்டிலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அப்பாவை, உயிர் வந்த சந்தோஷத்தில் அவசரமாக ஒரு கிளிக். லென்ஸ் முழுக்க வேர்த்திருந்ததைக் கவனிக்கவில்லை. படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புகை. நடுவில் கம்பளிக்குள் அப்பா, சிரித்தபடி.

அந்தப் பயணத்தில் அப்பா இருக்கிற படம் அது ஒன்றுதான். அவர் இப்போது இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பனியில எடுத்ததா?" என்று கேட்பார்கள்.

ஆமாம் என்றுதான் சொல்வேன்.