கருவிகள் வந்த வழி



கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்திருந்த வருங்கால ஆசிரியை ஒருவர் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். "தொழில்நுட்பம் இல்லாத வகுப்பறைக்கு இனி எதிர்காலம் இல்லை" என்று அதில் எழுதியிருந்தார். "சரிதானே ஐயா?" என்று வினவினார். ஆம் என்றோ இல்லை என்றோ உடனே கூற என்னால் இயலவில்லை. நம் நாட்டு வகுப்பறைக்குள் கருவிகள் வந்த வரலாற்றை அவருக்குச் சொன்னேன். அதனையே இங்குப் பதிவு செய்கிறேன்.

1972ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மலேசியாவில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. நான் பயின்ற தோட்டப்பள்ளியில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. மின்னாக்கி இயங்கினால்தான் அது ஒளிரும். நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் ஆசிரியர் அதனை அணைத்துவிடுவார். கண்டவற்றை நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து தமிழில் சொல்ல வேண்டும். உண்மையான பாடம் அப்போதுதான் தொடங்கியது என்பதை நான் ஆசிரியரான பின்னரே உணர்ந்தேன்.

அடுத்து வந்தது கணினி. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. ஆயினும், ஒரு கணினியில் தட்டிய வினாத்தாள் மற்றொன்றில் புரியாத குறிகளாய்த் தெரியும். எழுத்துருவுக்கு எழுத்துரு குறிமுறை வேறுபட்டதே காரணம். ஒருங்குறி பரவிய பின்னரே அத்தொல்லை நீங்கியது. கருவி முதலில் வந்தது. அதற்குள் தமிழை ஏற்றப் பலர் உழைக்க வேண்டியிருந்தது.

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அதற்கென மடிக்கணினியும் எல்.சி.டி. படவீழ்த்தியும் குறுந்தட்டுகளும் பள்ளிகளுக்கு வந்தன. விதை முளைக்கும் காட்சியை நான் திரையில் காட்டினேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இமைக்காமல் பார்த்தனர். அந்த அமைதியைக் கண்டு, பாடம் வென்றது என மகிழ்ந்தேன். பின்னர் ஆங்கிலத்தில் வினாத் தொடுத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பர். நான் கேட்கவில்லை. அக்குறை இன்றும் என் நெஞ்சில் உள்ளது. 2009இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவு செய்தது; பின்னர் படிப்படியாக அப்பாடங்கள் மீண்டும் தமிழில் நடைபெறலாயின.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வகுப்பறையே கைப்பேசிக்குள் சென்றது. பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு தாயார் அழைத்தார். "சார், அவங்க அப்பா இப்பதான் வந்தாரு. இப்ப பாடம் அனுப்புறீங்களா?" என்றார். அன்று முதல் பாடத்தை என் குரலில் பதிந்து இரவில் அனுப்பினேன். பிள்ளைகளும் தங்கள் குரலிலேயே விடை அனுப்பினர். எளிய வழிதான், ஆனால் அவர்கள் பேசினார்கள்.

வருங்கால ஆசிரியைக்கு நான் கூறியது இதுவே: "அம்மா, கருவி கட்டாயம் வேண்டும். நம் பிள்ளைகள் அதில் பின்தங்கக் கூடாது. ஆனால் அதனை அணைத்த பிறகு பிள்ளை என்ன சொல்கிறது என்பதையும் பாடத்திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்."

மறுவாரம் அவர் ஐந்து நிமிடக் காணொளி ஒன்றைக் காட்டினார், அணைத்தார், அரை மணி நேரம் மாணவரைப் பேசவிட்டார். வகுப்பு சற்று இரைச்சலாகத்தான் இருந்தது.

பெற்றோர்களே, இதனை நீங்கள் வீட்டிலும் செய்யலாம். பிள்ளை கைப்பேசியைக் கீழே வைத்ததும், "என்ன பார்த்தாய்? எனக்குச் சொல்" என்று தமிழில் கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை பொறுமையுடன் செவிமடுங்கள்.