கிட்டப்பா இசைத்தட்டுகள்

நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) பாடிப் பதிவான 78 சுழற்சி கிராமபோன் தட்டுகள். தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டை இவரது சொந்த ஊர்.

பின்னணி: இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. கர்நாடக இசையோடு நாடகப் பாட்டும் தட்டுகளாகித் தமிழகமெங்கும் பரவியது. கிட்டப்பாவும் அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாளும் அக்காலத்தின் பெரும் நட்சத்திரங்கள். சுந்தராம்பாள் பின்னாளில் திரையிலும் பாடினார். கிட்டப்பா திரைப்படத்தில் நடிக்காமலே 27 வயதில் மறைந்ததால், அவர் குரலுக்குத் தட்டுகளே சான்று. இவற்றின் அருமை அதனால்தான்.

அமைப்பு: அரக்கும் கல்தூளும் கலந்து அச்சிட்டவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடியதை அதற்குள் சுருக்க வேண்டியிருந்தது.

சேகரிப்பு: தட்டு கீழே விழுந்தால் உடையும், எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் வரிப்பள்ளத்தைத் தேய்க்கும். எனவே விரிசலும் தேய்மானமும் இல்லாத படிக்கே மதிப்பு அதிகம். லேபிளையும், அதைச் சுற்றிய வெற்று வளையத்தில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பதிப்பை அறிவர். தட்டை நிமிர்த்தி வைப்பதும், வெயிலிலிருந்து காப்பதும் அவசியம்.

பாதுகாப்பு: சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவின் தனிச் சேகரிப்பு புகழ்பெற்றது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய தட்டுகளைக் காத்துவருகிறது. வீட்டுப் பரணில் கிடப்பவற்றைத் தேய்வதற்குமுன் எண்முறையில் பதிவுசெய்வது இசை வரலாற்றுக்குச் செய்யும் பெருந்தொண்டு.