கதைவழி நிர்வாகப் பயிற்சி

கதைவழி நிர்வாகப் பயிற்சி என்பது, ஒரு நிறுவனம் தன் அமைப்பையோ வேலைமுறையையோ மாற்றிக்கொள்ளும் காலத்தில், அம்மாற்றத்தை முன்னின்று நடத்தும் அலுவலர்களைக் கதைகளின் துணையால் ஆயத்தப்படுத்தும் முறையாகும். இந்தியாவில் இதன் வேர் பழமையானது. அமரசக்தி என்னும் அரசனின் மைந்தர் மூவருக்கும் விஷ்ணுசர்மர் கதைகளாலேயே அரசநீதி புகட்டியதாக அமைந்த பஞ்சதந்திரம், ஆளவிருப்போர்க்கான பாடநூலாகவே தொடங்குகிறது.

தமிழில் இவ்வரலாறு அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியையும் தொட்டுச் செல்கிறது. இத்தாலியில் 1680இல் பிறந்து, இவ்வூரில் பல ஆண்டுகள் பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், புதிதாக வரும் பாதிரிமார் பேச்சுத்தமிழ் பயில்வதற்காகப் பரமார்த்த குருவின் கதையை எழுதி, அதற்கு இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்தார்.

வணிகம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சியைக் கைக்கொண்டபின், அதன் ஊழியர்கள் வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் வேண்டியிருந்ததால், மக்கள்மொழி அறிவு அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. இதற்கெனச் சென்னையில் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கம்பெனியின் சென்னை ஊழியராய் இருந்த பெஞ்சமின் பாபிங்டன் பரமார்த்த குருவின் கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822இல் லண்டனில் வெளியிட்டார். கல்லூரித் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் மொழிபெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் அச்சேறியது.

மொழிப்பாடமாக எழுந்த பரமார்த்த குருவின் கதையில் நிர்வாகப் பாடமும் உண்டு. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறியதும், எண்ணிப்பார்க்கும் சீடன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென அனைவரும் அழுகின்றனர். அவ்வழி வந்தவன் ஒவ்வொருவரையும் அடித்து, அடிபட்டவர் தம் பெயரைச் சொல்லும்படி செய்து, ஆறு பேரும் இருப்பதைக் காட்டுகிறான். மாற்றத்தைத் திட்டமிடும் மேலாளர், பிறர் திருந்தவேண்டியவற்றை மட்டும் பட்டியலிட்டுத் தம்மைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் இதே பிழையாகும். நேரில் சுட்டினால் சினமூட்டக்கூடிய இக்குறையைக் கேட்போர் தாமே உணரச் செய்வது கதையின் சிறப்பாகும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக வங்கி அலுவலர் ஸ்டீபன் டென்னிங், ஜாம்பியா நாட்டுச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் மலேரியா பற்றிய விடையை இணையத்தில் தேடிப்பெற்ற செய்தியைச் சிறு கதையாகச் சொல்லி, அறிவைப் பகிரும் அமைப்பாக வங்கி மாறவேண்டும் என்பதை மேலதிகாரிகளுக்குப் புரியவைத்தார். கேட்பவரைச் செயலுக்குத் தூண்டும் இத்தகைய கதையை அவர் 2000இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது, வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி அமைந்துள்ள அரியலூர். நிர்வாக மாற்றத்தை இத்தனைமுறை கண்ட இப்பகுதியின் அலுவலர் பயிற்சியில், வீரமாமுனிவரின் கதை பாடமாக வைக்கத் தக்கது.