முருகல் மரம்: பதிவும் வளர்ப்பும்

குடம்புளியின் இனத்தைச் சார்ந்த முருகல், மராத்தியில் கோகம் எனப்படுகிறது. இதன் உலர்ந்த கனித்தோலே கொங்கணச் சமையலில் புளிப்பிற்குப் பயன்படும் ஆம்சூல்.

புனே அறிவியல் கல்லூரியின் முதல்வராக விளங்கிய தியோடர் குக், 1901 முதல் 1908 வரை பகுதிகளாக வெளியிட்ட பம்பாய் மாகாணத் தாவர நூலில் இம்மரம் இடம்பெற்றுள்ளது. 1955இல் புனேயில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மையம் தோன்றியது. பறித்த இடமும் நாளும் குறித்த உலர்தாவரத் தாள்கள் அங்குப் பேணப்படுகின்றன.

மரம் அறியப்பட்டும் அதன் வளர்ப்பு எளிதாகவில்லை. முருகலில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியே உள்ளன. விதைக்கன்றுகளுள் ஏறத்தாழப் பாதி ஆணாகும். ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதே வேறுபாடு புலப்படும். பெண்மரக் கிளையை ஒட்டும் முறை இத்தடையை நீக்கியது. தபோலி வேளாண் பல்கலைக்கழகம் 1997இல் ‘கொங்கண் அம்ருதா’ வகையை வெளியிட்டது.

ஆயினும், ஒரு தாய்மரத்தின் ஒட்டுகளே பெருகுமாயின் மரபுப் பன்மை சுருங்கும். காய்க்காத ஆண்மரம் வெட்டப்படின் மகரந்தமும் குறையும். ஆதலின், பழைய தாள்கள் சுட்டும் இடங்களுக்கு மீண்டும் சென்று எஞ்சிய காட்டு மரங்களைக் கண்டறிதல் இன்றியமையாதது. அப்பதிவுகளின் இன்றைய பயனும் அதுவே எனலாம்.