6 ஃபேன் மாட்டியும் கேமிங் பிசி கொதிக்குதா? தர்மபுரி வெயிலில் காற்றோட்டத்தை சரிசெய்வது எப்படி?

கேபினட்டுக்குள் கலர் கலராக 6 ஃபேன் சுற்றுகிறது. ஆனாலும் கேம் ஆரம்பித்த 20 நிமிடத்தில் எஃப்பிஎஸ் சரிகிறது. மிக்ஸி ஓடுவது போல சத்தம் வேறு. "இன்னும் ரெண்டு ஃபேன் வாங்கி மாட்டிடலாமா?" என்று யோசிப்பவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்க. புது ஃபேன் வாங்கும் முன், இருக்கிற ஃபேன்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று பாருங்கள். பல நேரங்களில் ஒரு ஸ்க்ரூ டிரைவரே போதும்.

தர்மபுரியில் ஏன் கூடுதல் கவனம்?

ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, நகர்த்த மட்டுமே செய்யும். அதனால் அறையில் இருக்கும் வெப்பநிலைக்குக் கீழே கேபினட்டை எந்த ஃபேனாலும் கொண்டுபோக முடியாது. அதே கேம், அதே ஃபேன் வேகம் என்றால், அறையின் சூடு 5 டிகிரி கூடும்போது கிராபிக்ஸ் கார்டின் சூடும் ஏறத்தாழ 5 டிகிரி கூடும்.

பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி ஏறத்தாழ அதில் பாதி உயரம்தான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கி, அங்கேயே ஓட்டிப் பார்த்தபோது 75 டிகிரியில் நின்ற கார்டு, கத்திரி வெயிலில் பாலக்கோட்டுக்கோ அரூருக்கோ வந்ததும் 80-ஐத் தாண்டினால் மிஷின் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. அறை மாறியிருக்கிறது. பகல் முழுக்க வெயில் வாங்கிய ஷீட் கூரை அறை என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து தூசி. கிரானைட் குவாரிகள், தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஓயாத லாரிப் போக்குவரத்து, வறண்ட கோடைக் காற்று என எல்லாம் சேர்ந்து ஜன்னல் வழியாக வரும் தூசி, ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே போர்வை போலப் படிந்துவிடும்.

எத்தனை டிகிரி வரை தாங்கும்?

ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 90 டிகிரி செல்சியஸ். ரைசன் 5 5600 பிராசஸருக்கும் 90 டிகிரிதான். இன்டெல் ஐ5 12400எஃப் 100 டிகிரி வரை தாங்கும். வரம்பை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எஃப்பிஎஸ் திடீரென சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடனே கார்டு எரிந்துவிடாது. ஆனால் மாதக்கணக்கில் சூட்டிலேயே ஓடினால் கெப்பாசிட்டர் போன்ற பாகங்களின் ஆயுள் குறையும். சேர்த்து வைத்த காசில் வாங்கிய கார்டை வெளியூர் சர்வீஸுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது யாருக்கும் பிடிக்காத வேலை.

முதலில் ஒரு சின்ன டெஸ்ட்

கேபினட் மூடியிருக்கும்போது ஒரு கேமை 20 நிமிடம் ஓட்டுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனால் ஜிபியு வெப்பநிலை தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே கேமை அதே நேரம் ஓட்டுங்கள்.

2, 3 டிகிரி மட்டும் குறைந்தால் கேபினட் காற்றோட்டம் நன்றாகவே இருக்கிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது அறையின் சூடு, தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றை. 7, 8 டிகிரிக்கு மேல் குறைந்தால், உள்ளே காற்று மாட்டிக்கொண்டு தவிக்கிறது. ஃபேன் வரிசையை மாற்றியே ஆக வேண்டும்.

எந்த ஃபேன் எந்தப் பக்கம்?

காற்று முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் உள்ளே வர வேண்டும். பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியேற வேண்டும். சூடான காற்று மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் கேபினட்டுக்குள் ஃபேனின் வேகத்துக்கு முன் அந்த இயல்பு ரொம்பவே பலவீனம். ஃபேன் தள்ளும் திசையில்தான் காற்று போகும்.

3 ஃபேன் இருந்தால்: முன்னால் 2 உள்ளே இழுக்க, பின்னால் 1 வெளியே தள்ள. பெரும்பாலான நடுத்தர பிசிக்களுக்கு இதுவே போதும்.

4-வது ஃபேன்: மேல்பக்கத்தில், பின்புறத்தை ஒட்டி, வெளியே தள்ளும்படி மாட்டலாம். மேலே முன்புறமாக மாட்டினால், முன் ஃபேன் இழுத்து வரும் குளிர்ந்த காற்று பிராசஸரைத் தொடும் முன்பே வெளியே ஓடிவிடும்.

5, 6-வது ஃபேன்: கீழ்ப்பக்கம் இடமிருந்தால் அங்கே உள்ளே இழுக்கும்படி மாட்டினால் கிராபிக்ஸ் கார்டுக்கு நேராகக் காற்று கிடைக்கும்.

'மீன் தொட்டி' கேபினட்: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் அந்த வழியாகக் காற்று வராது. பக்கவாட்டிலும் கீழேயும் உள்ளே இழுத்து, மேலும் பின்னும் வெளியேற்ற வேண்டும்.

ஃபேனின் திசையைக் கண்டுபிடிப்பது ஈஸி. குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். சில ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறியே இருக்கும். இப்போது வரும் 'ரிவர்ஸ் பிளேடு' ஆர்ஜிபி ஃபேன்களில் மட்டும் இது தலைகீழ். சந்தேகமா? ஓடும்போது வெளியில் இருந்து மெல்லிய பேப்பர் துண்டைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே இழுக்கிறது, பறந்தால் வெளியே தள்ளுகிறது.

எத்தனை ஃபேன் போதும்?

ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் மின் அளவு 170 வாட். பிராசஸர், மற்ற பாகங்கள் எல்லாம் சேர்த்து ஒரு பிசி உச்சத்தில் 300 வாட் சூட்டைக் கக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க, நிமிடத்துக்குச் சுமார் 53 கன அடி காற்று போய்வந்தால் போதும். நல்ல 120 எம்எம் ஃபேன் ஒன்றின் அட்டைப்பெட்டியிலேயே ஏறத்தாழ இந்த அளவு எழுதியிருக்கும். வலை, ஃபில்டர் தடுப்பதால் நிஜத்தில் அது குறையும். அதனால்தான் 2 ஃபேன் இழுக்க வேண்டும் என்கிறார்கள். சரியான பாதை கிடைத்தால் 3 ஃபேனே இந்த வேலையை முடித்துவிடும்.

தூசிக்கு என்ன வழி?

உள்ளே வரும் காற்று, வெளியேறுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அப்போது உள்ளே அழுத்தம் சற்றுக் கூடி, சின்னச் சின்ன இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். நுழையும் காற்று எல்லாம் ஃபில்டர் வழியாக வரும். வெளியே தள்ளும் ஃபேன்கள் அதிகமானால் கதை மாறும். ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு ஓட்டையும் தூசியை இழுக்கும் வாயாகிவிடும்.

ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பிளோயர் அடிக்கும் முன் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஃபேன் இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேபினட்டை எங்கே வைக்கலாம்?

பல வீடுகளில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் டேபிளில், சிபியு வைக்க மூன்று பக்கமும் அடைத்த மரப்பெட்டி இருக்கும். கேமிங் பிசிக்கு அது அடுப்பு மாதிரி. வெளியேறிய சூடான காற்றையே முன் ஃபேன் திரும்ப இழுக்கும். கேபினட்டை வெளியே எடுத்து, சுவரில் இருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, தரைக்குச் சற்று மேலே வையுங்கள்.

முடிந்தால் பின்பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கட்டும். கதவு, ஜன்னல் மூடிய சின்ன அறையில் 300 வாட் பிசி ஓடினால் அது 300 வாட் ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். ஏர் கூலர் இருக்கும் வீடுகளில் அதை கேபினட்டை நோக்கித் திருப்பாதீர்கள். ஈரக்காற்று நேராக போர்டில் படக்கூடாது.

இதையெல்லாம் செய்த பிறகு அதே 20 நிமிட டெஸ்ட்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால், இனி ஃபேனுக்குச் செலவு செய்யத் தேவையே இல்லை.