மின்கம்பிகளின் நிறக்குறி வரலாறு

மின்னோட்டத்துக்கு நிறமில்லை. செம்புக் கம்பியைச் சூழ்ந்துள்ள காவலியுறை சிவப்பாயினும் கறுப்பாயினும் அதனூடே செல்லும் ஓட்டம் வேறுபடுவதில்லை. எனினும், அவ்வுறையின் நிறத்தை நம்பியே மின்வேலை செய்பவன் கம்பியைப் பிரித்து இணைக்கின்றான். நிறம் அவன் எண்ணியதற்கு மாறான பொருளைத் தருமாயின் உயிருக்கே கேடு நேரும். இந்நிறங்கள் இயற்கை விதியால் அமைந்தனவல்ல. மக்கள் ஒப்புக்கொண்டு வழங்கும் சொற்களைப் போன்றவை. ஒரு நாட்டில் ஒன்றைக் குறிக்கும் நிறம் மற்றொரு நாட்டில் அதற்கு நேர்மாறானதைக் குறித்தலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலே சிவப்பு நிறத்துக்கு நேர்ந்த கதை இதற்குத் தக்க சான்றாகும்.

வீட்டுக்குள் மின்னொளி புகுந்த தொடக்க நாளில் இச்சிக்கல் தோன்றவில்லை. வட இங்கிலாந்திலே வில்லியம் ஆம்ஸ்ற்றோங் என்பாரின் கிறாக்சைட் மாளிகையில், யோசேப்பு சுவான் ஆக்கிய இழைவிளக்குகள் 1880ஆம் ஆண்டில் எரிந்தன. அடுத்த ஆண்டு கொடால்மிங் என்னும் சிற்றூர் பொதுமக்களுக்கு மின்வழங்கத் தலைப்பட்டது. 1882ஆம் ஆண்டில் தந்திப் பொறியியலாளரும் மின்னியலாளரும் அடங்கிய இலண்டன் சங்கம் முதல் விதித்தொகுதியை வெளியிட்டது. மின்னொளியால் விளையும் தீயபாயத்தைத் தடுத்தற்கான விதிகள் என்பது அதன் தலைப்பு. அக்காலத்தார் பெரிதும் அஞ்சியது தீயையே என்பதை அத்தலைப்பே காட்டிவிடுகின்றது. பஞ்சு நூலும் இறப்பரும் சுற்றிய கம்பிகள் மரத்தாலான தவாளிப்புக்களிற் பதிக்கப்பட்டு மேலே பலகை மூடப்பட்டது. பழைய அமைப்புக்கள் பலவற்றில் இரு கம்பிகளிலும் தனித்தனி உருகி இருந்தமையால், எது எதுவென்று அறிய வேண்டிய தேவை அத்துணை கடுமையாக இருக்கவில்லை.

ஆடலோட்டம் பரவியபின் நிலைமை மாறிற்று. மின்னை வழங்கும் இடத்திலேயே இரு கம்பிகளுள் ஒன்று புவியோடு தொடுக்கப்பட்டது. அதுவே நொதுமற்கம்பி, அதன் அழுத்தம் புவியின் அழுத்தத்தை ஒட்டியே நிற்கும். மற்றையது உயிர்க்கம்பி, புவியில் நிற்பவன் அதனைத் தொட்டால் முழு அழுத்தத்தால் ஓட்டம் அவன் உடலினூடே பாயும். ஆகவே உருகியும் ஆளியும் உயிர்க்கம்பியிலேயே அமைய வேண்டும் என்னும் விதி உறுதிபெற்றது. இங்கே ஒரு வஞ்சகம் மறைந்துள்ளது. இரு கம்பிகளையும் மாற்றி இணைத்தாலும் விளக்கு முன்போலவே எரியும்; ஆளியைத் திறந்தால் அணையும். பிழை நிகழ்ந்தமைக்கு அடையாளமே இராது. ஆயினும், அணைந்த விளக்கின் தாங்கியில் உயிர்க்கம்பி உயிரோடேயே இருக்கும். விளக்கை மாற்ற ஏணியில் ஏறுபவன் ஆளி திறந்துள்ளது என்று நம்பிக் கைவைப்பான். கண்ணாற் காணவியலாத இவ்வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டும் பொறுப்பே நிறத்தின்மேல் வந்தது.

அழுத்திப்பெட்டியும் கேத்தலும் போன்ற உலோக உடலுடைய கருவிகள் வீடுகளிற் பெருகியபோது மூன்றாவது கம்பியும் வேண்டியதாயிற்று. உட்கம்பியின் காவலி தேய்ந்து உயிர்க்கம்பி உடலைத் தொட்டால், புவிக்கம்பி வழியே பேரோட்டம் பாய்ந்து உருகியை உருக்கிவிடும். கருவியைத் தொடுபவனுக்கு அதுவே காவல்.

இம்மூன்றையும் வேறுபடுத்த ஒவ்வொரு நாடும் தன் போக்கிலே நிறங்களைத் தெரிந்தெடுத்தது. பிரித்தானியாவில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற்கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை. ஐக்கிய அமெரிக்காவிலோ கறுப்பு உயிர்க்கம்பிக்கும் வெள்ளை நொதுமற்கம்பிக்கும் உரியனவாயின. புவிக்கம்பி பச்சையாகவோ உறையின்றியோ இருந்தது. ஜேர்மனியில் 1965ஆம் ஆண்டுவரை வழங்கிய முறை இவ்விரண்டினும் வேறானது. ஆங்கே உயிர்க்கம்பி கறுப்பு, நொதுமற்கம்பி சாம்பல், புவிக்கம்பி சிவப்பு. சிவப்பு அபாயத்தின் நிறம் என்பது பிரித்தானியரின் வழக்கு. கண்ணைக் கவரும் சிவப்பே காக்கும் கம்பிக்கு ஏற்றது எனக் கொள்ளினும் அதிற் குற்றமில்லை. இரண்டும் தத்தம் எல்லைக்குள் முறையானவையே. கேடு எல்லையைக் கடக்கும்போதே பிறந்தது.

ஜேர்மனியில் வாங்கிய கருவியொன்று பிரித்தானிய வீட்டுக்கு வருகின்றது எனக் கொள்க. கருவிகள் செருகியின்றியே விற்கப்பட்ட காலம் அது. செருகியைப் பூட்டுவது வீட்டுக்காரரின் வேலை. அவர் தாம் அறிந்த வழக்கப்படி சிவப்பை உயிர்முனையிலும் கறுப்பை நொதுமல்முனையிலும் இணைத்து, எஞ்சிய சாம்பற் கம்பியைப் புவிமுனைக்கு விடுகின்றார். இப்பொழுது கருவியின் உலோக உடல் முழுவதும் நேரே உயிர்க்கம்பியோடு தொடர்புற்றுவிட்டது. கருவி இயங்க வேண்டிய இரு கம்பிகளோ நொதுமலுக்கும் புவிக்கும் இடையே நிற்பதால் அது சூடேறாது. உருகியும் உருகாது. சூடேறவில்லையே என ஐயுற்று ஒருவர் கையை நீட்டித் தொடுவதே அடுத்து நிகழக்கூடியது. காக்கவென அமைத்த கம்பியே கொல்லும் கம்பியாகின்றது.

இவ்விடரை நீக்க எவருடைய நிறத்தை எவர் கைவிடுவது என்னும் வினா எழுந்தது. சிவப்பை ஒரு சாராருக்குக் கொடுப்பின் மறு சாராரின் பழைய கருவிகள் யாவும் பொறிகளாகிவிடும். எனவே சிவப்பையே முற்றாக விலக்கி, உயிர்க்கம்பிக்குக் கபிலமும் நொதுமற்கம்பிக்கு நீலமும் புவிக்கம்பிக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த கோடுகளும் ஐரோப்பிய நாடுகளிற் பொதுவாக ஏற்கப்பட்டன. இத்தெரிவினால் மற்றொரு நன்மையும் விளைந்தது. அணுக்கொள்கையாற் புகழ்பெற்ற யோன் தாற்றன், தமக்கிருந்த நிறக்குருட்டுத் தன்மையை 1794ஆம் ஆண்டில் மாஞ்செஸ்ற்றர் அறிஞர் சங்கத்தில் விரித்துரைத்தார். ஐரோப்பிய ஆண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மர் சிவப்பையும் பச்சையையும் செவ்வனே பிரித்தறியமாட்டாதவர். உயிர்க்கம்பிக்குச் சிவப்பும் புவிக்கம்பிக்குப் பச்சையும் கொண்ட பழைய பிரித்தானிய முறை, அத்தகையோருக்கு மிகத் தீய இணை என்றே சொல்லவேண்டும். இருநிறக் கோடுகளையோ, நிறம் அறியாதவனும் கோடுகளைக் கொண்டே அறிந்துகொள்வான்.

பிரித்தானியா 1969ஆம் ஆண்டிற் சட்டவிதி ஒன்றினாற் கருவிகளின் வளைகம்பிக்குப் புதிய நிறங்களைக் கட்டாயமாக்கியது. சுவர்களினுள்ளே கிடந்த கம்பிகளை அவ்விதி தொடவில்லை. அதனால் முப்பத்தைந்து ஆண்டுகள் பிரித்தானிய வீடுகள் இரு மொழிகள் பேசின. செருகியின் இப்புறம் கபிலம், குதையின் அப்புறம் சிவப்பு. 2004ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் முதல் நிலைக்கம்பிகளுக்கும் புதிய நிறங்கள் அனுமதிக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாம் நாள் முதல் அவை கட்டாயமாயின.

அம்மாற்றம் பழைய இடரைத் தீர்த்துப் புதியதொன்றை ஈன்றது. மூவவத்தை வழங்கலிற் சிவப்பு, மஞ்சள், நீலம் என்பன முன்னர் மூன்று உயிர்க்கம்பிகளாகவும் கறுப்பு நொதுமலாகவும் இருந்தன. புதிய முறையிற் கபிலம், கறுப்பு, சாம்பல் என்பன உயிர்க்கம்பிகள்; நீலம் நொதுமல். நேற்றுவரை நொதுமலாயிருந்த கறுப்பு இன்று உயிர்க்கம்பி. உயிர்க்கம்பியாயிருந்த நீலம் நொதுமல். இருமுறைக் கம்பிகளும் கலந்துள்ள கட்டடங்களில், கவனம் என எச்சரிக்கும் சீட்டை மின்பங்கீட்டுப் பெட்டியின்மேல் ஒட்டுதல் விதியாயிற்று.

பிரித்தானிய விதிகளைத் தழுவி வளர்ந்த இலங்கையின் மின்வேலை மரபிலும் சிவப்பு, கறுப்பு, பச்சை என்னும் மூன்றுமே நெடுங்காலம் வழங்கின. பழைய வீடொன்றிற் புதிய அறை சேர்க்கப்படும்போது, பாட்டனார் காலத்துச் சிவப்பும் பேரன் காலத்துக் கபிலமும் ஒரே பெட்டியிற் சந்திக்கின்றன. ஓரவத்தை வீட்டில் இஃது பெரிதும் இடராவதில்லை. சிவப்போடு கபிலமும் கறுப்போடு நீலமும் சேர்ந்தாற் போதும். மூவவத்தை வழங்கல் பெற்ற பழைய மனையிலோ நிலை வேறு. ஆங்கே புதிய அறையின் கபிலத்தைப் பழைய சிவப்போடும், நிறத்தின் ஒற்றுமையை நம்பிப் புதிய நீலத்தைப் பழைய நீலத்தோடும் ஒருவன் இணைப்பானாயின், 230 உவோற்றுக்கென அமைந்த கருவிகளின்மேல் 400 உவோற்று வந்து விழும்.